போலி எங்கே செய்யப்படுகிறது? அப்பிள்-1 கணினியும் இணைய ஏலமும்

1975 ஜனவரி மாத ‘பொப்பியுலர் இலெக்ட்ரோனிக்ஸ்’ சஞ்சிகையின் அட்டைப்படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஒரு உலோகப் பெட்டி, அதன் முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகளும் விளக்குகளும். பெயர் அல்டெயர் 8800. சாதாரண ஆக்கள் காசு குடுத்து வாங்கி வீட்டில் வைத்திருக்கக்கூடிய கணினி என்ற கதை எங்கே தொடங்குகிறது எண்டு கேட்டால், கனபேர் இந்தப் படத்தைத்தான் காட்டுவினம்.

அந்தப் படத்தில் இருப்பது கணினி இல்லை. வெறும் பெட்டி.

நடந்தது இதுதான். அல்டெயரைச் செய்த மிட்ஸ் நிறுவனம் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அல்புகேர்க்கி நகரில் இருந்தது, சஞ்சிகை நியூயோர்க்கில். படம் எடுப்பதற்காக அனுப்பிய முதல் மாதிரிக் கணினி வழியில் தொலைந்துபோனது. அட்டைப்படத்துக்கு நேரமில்லை. அதனால் சுவிட்சும் விளக்கும் மட்டும் பூட்டிய வெற்றுப் பெட்டி ஒன்றை அனுப்பினார்கள். அதுதான் அச்சானது. 397 டொலர் விலையில் உதிரிப் பாகங்களாக வந்த அந்தக் கணினிக்கு ஓடர்கள் வந்து குவிந்தன. ஓடர் கொடுத்தவர்கள் பலகாலம் காத்திருந்தாலும், அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது உண்மையான கணினி.

அப்ப அந்தப் படம் ஏமாற்றா? அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அதே வெற்றுப் பெட்டியை இன்றைக்கு ஒருவர் இணைய ஏலத்தில் போட்டு, ‘1975ஆம் ஆண்டு அல்டெயர், நல்ல நிலையில்’ என்று எழுதினால் அது சுத்தமான ஏமாற்று. பெட்டி ஒன்றுதான், அதற்குப் பக்கத்தில் எழுதியிருப்பதுதான் மாறியிருக்கிறது. பழைய கணினிகளின் போலிகளைப் பற்றி வாசிக்க வாசிக்க எனக்கு உறுதியாகிக்கொண்டு வந்த விசயமும் இதுதான். போலி பெரும்பாலும் பட்டறையில் செய்யப்படுவதில்லை, விற்பனைக் குறிப்பில்தான் செய்யப்படுகிறது. இதை விளங்கிக்கொள்ள அப்பிள்-1ஐ விட நல்ல உதாரணம் இல்லை.

அல்டெயர் வந்த இரண்டு மாதத்தில், 1975 மார்ச் 5ஆம் திகதி, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டுக் கராஜில் ‘ஹோம்புரூ கொம்பியூட்டர் கிளப்’ முதல்முறையாகக் கூடியது. அங்கு போனவர்களில் ஒருவர் ஸ்டீவ் வொஸ்னியாக். தானும் ஒரு கணினியை வடிவமைக்கத் தொடங்கினார். அவர் செய்ததை ஒளித்து வைக்கவில்லை. தன்னுடைய சேர்கிட் வரைபடத்தைக் கிளப்பில் இலவசமாகவே கொடுத்தார், விரும்பியவர்கள் செய்து பார்க்கட்டும் என்று. அதை விற்கலாம் என்ற யோசனை ஸ்டீவ் ஜொப்ஸுடையது.

1976இல் மவுண்டன் வியூவில் ‘பைட் ஷொப்’ என்ற கடையை நடத்திய போல் டெரல் 50 கணினிகள் கேட்டார், ஒன்றுக்கு 500 டொலர். ஒரு நிபந்தனை: உதிரியாக வேண்டாம், பொருத்திய போர்டாக வேண்டும். கடை விலை 666.66 டொலர். அந்தக் காசுக்குக் கிடைத்தது ஒரு பச்சை நிற போர்ட் மட்டும்தான். பெட்டி இல்லை, கீபோர்ட் இல்லை, மின்மாற்றி இல்லை, திரை இல்லை. எல்லாம் வாங்குபவர்தான் தேடிப் பூட்ட வேண்டும். மரப் பெட்டிக்குள் இருக்கும் அப்பிள்-1 படங்களைப் பார்த்து அதுதான் ‘ஒரிஜினல்’ தோற்றம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்பிள் அப்படி ஒரு பெட்டியோடு அதை விற்கவில்லை. இது ஏலத்தில் படம் பார்க்கும்போது ஞாபகம் வைக்க வேண்டிய முதல் விசயம்.

மொத்தம் ஏறத்தாழ 200 அப்பிள்-1கள் செய்யப்பட்டன. 1977இல் அப்பிள் 2 வந்தவுடன் பழையதின் மதிப்பு போய்விட்டது. வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர் கிட்டத்தட்ட வொஸ்னியாக் ஒருவர்தான் என்பதால், பழைய போர்டைத் திருப்பித் தந்தால் புதிய கணினியில் விலை கழிப்போம் என்று நிறுவனம் அறிவித்தது. திரும்பி வந்தவற்றை அழித்துவிட்டார்கள். இன்றைக்கு எஞ்சியிருப்பவை நூறு அளவில்தான் இருக்கும். ஆர்வலர்கள் ஒவ்வொன்றையும் தேடிப் படமெடுத்து, இலக்கமிட்டு, ‘அப்பிள்-1 பதிவேடு’ என்று இணையத்தில் ஒரு பட்டியலையே பராமரிக்கிறார்கள்.

விலை ஏறிய கதையையும் பார்ப்போம். 2010 நவம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு அப்பிள்-1 1,33,250 பவுண்டுக்குப் போனது. 2012 ஜூனில் சோதபீஸ் ஏலத்தில் ஒன்று 3,74,500 டொலர். 2014 ஒக்டோபரில் நியூயோர்க்கில் பொன்ஹாம்ஸ் நடத்திய ஏலத்தில் ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகம் 9,05,000 டொலர் கொடுத்தது. நான்கு வருடத்துக்குள் இப்படி ஏறினால் கள்ளன் வராமல் இருப்பானா?

வருவதற்கு வசதியும் இருந்தது. அப்பிள்-1இல் உள்ள சிப்புகளில் எதுவும் அப்பிள் செய்தது இல்லை. மொஸ் டெக்னோலொஜியின் 6502 புரோசசர் தொடங்கி, எல்லாம் அந்தக் காலத்தில் கடையில் வாங்கக்கூடியவை. சேர்கிட் வரைபடம் கணினியோடு வந்த கைநூலிலேயே அச்சாகியிருந்தது. அதனால் 2000களில் ஆர்வலர்கள் அப்பிள்-1ஐத் திரும்பச் செய்யத் தொடங்கினார்கள். ‘ரெப்ளிக்கா 1’ போன்றவை வேலை செய்யும் விதத்தில் மட்டும் ஒத்தவை, பார்த்தவுடனேயே வித்தியாசம் தெரியும். ‘மிமியோ 1’ போன்றவை பார்வைக்கும் அசல் மாதிரி.

இவர்களைப் போலிக்காரர்கள் என்று சொல்வது அநியாயம். ஒரு அப்பிள்-1 பழுதானால் எங்கே பிழை, எந்த சிப் சூடாகும், எப்படித் திருத்தலாம் என்ற அறிவு இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்கு இந்த நகல் செய்பவர்கள் பெரிய காரணம். அவர்கள் ‘இது நகல்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். பிரச்சினை இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போகும்போதுதான் வருகிறது. நகலை வாங்கியவர் பழைய சிப்புகளைத் தேடிப் பொருத்துகிறார். அவரிடமிருந்து வாங்கியவர் ஈபேயில் போடும்போது ‘நகல்’ என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடுகிறார். அவ்வளவுதான். சில நேரம் அவர் பொய் கூடச் சொல்வதில்லை. ‘என்னிடம் இது பற்றி விபரம் இல்லை, படத்தைப் பார்த்து முடிவெடுங்கள்’ என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறார். மிச்சத்தை வாங்குபவரின் ஆசை எழுதிக்கொள்ளும்.

ஈபே தொடங்கிய கதையோடு இதை ஒப்பிட்டால் சிரிப்பு வரும். 1995இல் பியர் ஒமிடியார் அந்தத் தளத்தைத் தொடங்கியபோது முதலில் விற்றது ஒரு உடைந்த லேசர் பொயின்டர், 14.83 டொலருக்கு. அது உடைந்தது என்று விளங்கித்தான் வாங்கினீர்களா என்று ஒமிடியார் வாங்கியவரிடம் கேட்டாராம். உடைந்த லேசர் பொயின்டர்களைச் சேர்ப்பதுதான் தன் பொழுதுபோக்கு என்று பதில் வந்ததாம். உடைந்ததை ‘உடைந்தது’ என்று எழுதியதால் அந்த வியாபாரத்தில் ஒரு பிழையும் இல்லை. பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாத சந்தையில் எழுத்துத்தான் பொருள்.

சரி, படத்தையும் எழுத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் பார்ப்பவற்றையும், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் கைவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலாவது, சிப்பின் மேல் உள்ள திகதி. அநேகமான சிப்புகளில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வருடம், அடுத்த இரண்டும் அந்த வருடத்தின் வாரம். 7622 என்றால் 1976ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். 1976இல் விற்ற கணினி என்று சொல்லிவிட்டு உள்ளே 8112 என்று ஒரு சிப் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஆனால் அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவெடுக்கவும் ஏலாது. ஐந்து வருடம் பாவித்த கணினியில் ஒரு சிப் எரிந்து, வேறு போட்டிருக்கலாம். மறுபக்கம், எல்லாத் திகதியும் சரியாக இருப்பதும் சான்று இல்லை. சிப்புகள் சொக்கட்டில் செருகப்பட்டவை, கழற்றி மாற்றலாம். 1976ஆம் ஆண்டுச் சிப்புகளை ஒவ்வொன்றாக வாங்கி நகல் போர்டில் செருகினால் திகதிகள் எல்லாம் பொருந்தும்.

இரண்டாவது, போர்டின் பின்பக்கம். விற்பவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தைத்தான் படமெடுத்துப் போடுவார்கள். பின்பக்கம்தான் அதிகம் பேசும். அசல் போர்டுகள் தொழிற்சாலையில் உருகிய ஈயத்தின் அலை மேல் ஓடவிட்டு ஒரேயடியாகப் பற்றவைக்கப்பட்டவை. நகல்களை ஒருவர் வீட்டில் இருந்து, ஒவ்வொரு காலாகக் கையால் சோல்டர் பண்ணுவார். இரண்டின் தோற்றமும் வேறு. செப்புக் கோடுகளையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் போர்டின் கோடுகளை நாடா ஒட்டிக் கையால்தான் அமைத்தார்கள், அதனால் வளைவுகளில் ஒரு ஒழுங்கின்மை இருக்கும். கணினியில் வரைந்த நகலில் கோடு அளவுக்கு மிஞ்சி நேராக நிற்கும். ஆனால் அசலைப் பார்த்து அப்படியே வரைந்த நகல்களில் இந்த வித்தியாசமும் இல்லை.

மூன்றாவது, சொக்கட் இல்லாமல் நேரே பற்றவைத்த பாகங்கள். அப்பிள்-1இன் ஒரு மூலையில் ஸ்ப்ராக் நிறுவனத்தின் பெரிய நீல நிறக் கப்பாசிற்றர்கள் நிற்கும். படத்தில் முதலில் கண்ணில் படுவதே அவைதான். சிப்பைப் போல இலகுவாக மாற்ற முடியாதவை என்பதால் இவற்றுக்கு மதிப்பு அதிகம். அதனாலேயே அதே வகைப் பழைய கப்பாசிற்றர்களைத் தேடித் திரியும் நகல்காரர்களும் உண்டு.

நான்காவது, ‘வேலை செய்யுது, வீடியோ பாருங்கோ’ என்ற கதை. அதற்கு மயங்கக்கூடாது. அதே சேர்கிட்டில் செய்த நகலும் அப்படியே வேலை செய்யும், அதே எழுத்துக்களைத் திரையில் காட்டும். வேலை செய்வது நல்ல விசயம்தான், வயதுக்குச் சான்று இல்லை.

ஐந்தாவது, படம் யாருடையது. பழைய ஏலங்களின் படத்தை எடுத்துப் புதிய விற்பனையில் போடுவது மிகப் பழைய வித்தை. படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடிப் பாருங்கள். பதிவேட்டில் உள்ள படங்களோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு அசல் போர்டிலும் ஒரு கீறல், ஒரு கறை, ஒரு சிப் வரிசை என்று தனி அடையாளம் இருக்கும். இன்றைய திகதியைக் கையால் எழுதிய துண்டுக் கடதாசியை போர்டுக்குப் பக்கத்தில் வைத்து, முன்னும் பின்னும் புதிதாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள. நேர்மையான விற்பனையாளருக்கு இது ஐந்து நிமிட வேலை. அதற்குக் கோபம் வருகிறவரிடம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

லட்சம் டொலருக்குப் போகும் கணினியோடு எங்களுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அன்றாடப் போலிகள் உண்மையில் சின்ன விலையில்தான் அதிகம். 1982இல் வந்த கொமடோர் 64இன் இசைக்குக் காரணமான சிட் 6581 என்ற சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கொமடோர் நிறுவனம் 1994இல் முறிந்துபோனது, அந்தச் சிப் இன்று புதிதாக உற்பத்தியாவதில்லை. ஆனால் பழைய கணினியைத் திருத்துபவர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் அது வேண்டும். அதனால் பழுதான சிப்பையோ, வேறு ஏதோ சிப்பையோ எடுத்து, மேற்பக்கத்தை உரஞ்சி, கறுப்புப் பூச்சுப் பூசி, 6581 என்று புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் வேறுவேறு வழவழப்பாக இருப்பது, அச்சில் வார்த்த சிறிய குழி பூச்சால் நிரம்பியிருப்பது, அசிற்றோன் தொட்டுத் துடைத்தால் பூச்சு கரைந்து வருவது எல்லாம் அடையாளங்கள். இதில் எந்தக் குழப்பமும் இல்லை, இது பட்டறையிலேயே செய்த போலி.

ஆனால் அதே கணினியின் வெளிப்பெட்டிக்கு வந்தால் திரும்பவும் குழப்பம். கொமடோர் 64இன் பிந்திய மாதிரிக்குப் பாவித்த அசல் அச்சுகள் கண்டுபிடிக்கப்பட்டு, 2010களில் அவற்றிலேயே புதிய பெட்டிகள் வார்க்கப்பட்டன. அச்சு அசல், பிளாஸ்ரிக் புதிது. இது போலியா? ‘பழைய அச்சில் வார்த்த புதிய பெட்டி’ என்று எழுதி விற்றால் இல்லை. அதே மாதிரி, வயதால் மஞ்சளாகிப்போன பிளாஸ்ரிக்கை ஐதரசன் பரஒட்சைட்டால் வெளுக்கப் பண்ணுகிறார்கள். அதனால் வெள்ளையாக இருக்கிறது என்பதற்காகப் புதிது என்றும் சொல்ல ஏலாது. திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குத்தான் வருகிறோம்: பொருள் அரைவாசிதான் சொல்லும், மிச்சத்தை அதன் வரலாறு சொல்ல வேண்டும்.

2010 கிறிஸ்டீஸ் ஏலத்தில் போனது வெறும் போர்ட் இல்லை. ஜொப்ஸின் பெற்றோர் வீட்டு விலாசம் அனுப்புநர் இடத்தில் இருந்த அசல் அட்டைப்பெட்டியும், ஜொப்ஸ் கையொப்பமிட்ட ஒரு கடிதமும் அதோடு இருந்தன. காசு கொடுத்தவர் அந்தக் கடதாசிகளுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்.

இன்னொரு சம்பவம். சில அப்பிள்-1 போர்டுகளின் பின்பக்கத்தில் 01 என்று தொடங்கும் இலக்கங்கள் பேனையால் எழுதப்பட்டிருக்கும். யார் எழுதியது என்பது பல வருடமாகப் புதிர். பதிவேட்டைப் பராமரிப்பவர் தரப்பில் இரண்டு போர்டுகள் அமெரிக்காவில் பிஎஸ்ஏ என்ற நிறுவனத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. விளையாட்டு அட்டைகளையும் பிரபலங்களின் கையெழுத்துக்களையும் சரிபார்ப்பதில் பெயர் பெற்ற நிறுவனம் அது. எழுத்து ஸ்டீவ் ஜொப்ஸுடையது என்ற முடிவு 2022இல் வெளியானது. 45 வருடமாக யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு பேனைக் கிறுக்கல் இப்போது சாட்சியாகிவிட்டது. அதே நேரத்தில், நாளைய போலிக்காரன் எதை எழுதப் பழக வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. இந்தத் துறையின் கஷ்டமே இதுதான். கண்டுபிடிக்கும் வழியை வெளியில் சொன்னால் போலிக்காரனும் படிப்பான். சொல்லாமல் விட்டால் வாங்குபவன் ஏமாறுவான். ஆர்வலர்கள் சொல்வது என்றே முடிவெடுத்திருக்கிறார்கள். வரைபடத்தைக் கிளப்பில் சும்மா கொடுத்தவரின் கணினி விசயத்தில் அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கதை இருக்கிறது. 2015இல் கலிபோர்னியாவின் மில்பிட்டாஸில் ஒரு பெண், கணவர் இறந்தபிறகு கராஜைத் துப்புரவு செய்து, பெட்டிகளை ஒரு மீள்சுழற்சி நிறுவனத்தில் இறக்கிவிட்டுப் போனார். பற்றுச்சீட்டும் வேண்டாம் என்றார், பெயரும் விட்டுப் போகவில்லை. பிறகு திறந்து பார்த்தால் உள்ளே ஒரு அப்பிள்-1. நிறுவனம் அதை 2 லட்சம் டொலருக்கு விற்று, பாதியைக் கொடுப்பதற்காக அவரைத் தேடுவதாகச் செய்திகளில் அறிவித்தது. எல்லாரும் அந்த ஒரு லட்சம் டொலரைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கணவர் யார், அதை எங்கே வாங்கினார், அதில் என்ன செய்து பார்த்தார், ஏன் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தார் என்பதெல்லாம் அந்தப் பெட்டிகளை இறக்கிய இடத்தோடு நின்றுவிட்டது. போர்ட் அசல்தான், அதன் கதை அறுந்துபோய்விட்டது.

ஒரு போலி விற்றுப்போனால் நட்டம் வாங்கியவரின் காசு மட்டும் என்று நினைக்கக்கூடாது. அந்தப் போலி நாளைக்கு ஒரு பட்டியலில் ஏறும். அதன் படத்தைப் பார்த்து இன்னொருவர் ‘அசல் இப்படித்தான் இருக்கும்’ என்று கட்டுரை எழுதுவார். அதற்குப் பிறகு வருகிற உண்மையான போர்ட் அதோடு பொருந்தாததால் சந்தேகத்துக்கு ஆளாகும். 200 மட்டுமே செய்யப்பட்ட ஒரு பொருளின் வரலாற்றில் நாலைந்து பொய்கள் நுழைந்தாலே போதும், முழுக்கணக்கும் குழம்பிவிடும். அதனால்தான் யாரோ சில ஆர்வலர்கள் ஒரு சதம் வருமானமில்லாமல் கீறல்களையும் சிப் இலக்கங்களையும் எழுதிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் செய்வது வரலாற்று வேலை.

பழைய கணினி ஒன்றை இணையத்தில் வாங்கப் போனால் படத்தைப் பார்க்கும் முன் குறிப்பை வாசியுங்கள். எதைச் சொல்லியிருக்கிறார் என்பதைப் போலவே எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்றும் பாருங்கள். உங்கட வீட்டிலேயே ஒரு பழைய கணினி கிடந்தால், ஒரு துண்டில் எழுதி அதற்குள்ளேயே வையுங்கள்: யார் வாங்கியது, எந்த வருடம், எங்கே, என்ன விலை, எதை மாற்றினோம். அது ஒருநாளும் ஏலத்துக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் பிறகு அதைத் திறக்கிற ஆள் ஊகிக்கத் தேவையில்லை.